புடலைப் பந்தல்

சாந்தன்பாறை
18-3-1973

மயிலாத்தாளுக்கு நஞ்சப்பன் எழுதுவது.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும், அண்ணனும் அண்ணியும் சுகமாக இருப்பதற்கு மறு கடிதம் போடவும்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு வந்து, அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் ஏறினேன். ஏலத்தோட்டத்தில் எனக்கு ஆள் பேர் எழுதுகிற வேலை. காலையில் எத்தனை பேர் களை வெட்ட வந்தார்கள், எத்தனை பேர் மரக்கிளை கழிக்கிற கவாத்து வேலைக்குப் போனார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தங்குவதற்குத் தொழிலாளர் லயத்தில் ஓர் அறை. செபமாலையம்மாள் என்று ஒரு திருநெல்வேலிக்கார அம்மாள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கஞ்சிக்குக் குறைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடித்திருக்காது. என்னால் அங்கே இருக்க முடியவில்லை, மயிலாத்தா. எங்கே திரும்பினாலும் கிணறுதான் கண்ணில் படுகிறது. கிழக்குப் பக்கம் முன்பு மாடு கட்டி இறைத்த இடம், மோட்டார் வைத்த பிறகு வெறும் திறப்பாகக் கிடந்தது. மூன்று பனஞ்சட்டத்தைக் குறுக்கே அடித்து வைத்ததே பாவாத்தாளுக்காகத்தான். அது கரையான் அரித்து விழுந்ததை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையை ஏழு வயசில் கிணற்றுக்குக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அந்த ஊரில் நடப்பது?

கிணற்றை மூடிவிடும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். நீ காய்த்தோட்டத்துக்குத் தண்ணீர் விடாதே. காய்ந்தால் காயட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

நஞ்சப்பன்


எலப்புள்ளி
26-3-1973

மாமாவுக்கு மயிலாத்தாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மலைக் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

தண்ணீர் விடாதே என்று எழுதியிருந்தீர்கள். விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தை மாதம் நீங்கள் பாத்தி கட்டிக் கொடுத்தீர்கள், விதை போட்டது அவள். பதினோரு வெண்டைச் செடி, தினம் எண்ணிப் பார்ப்பாள். அதற்குத் தண்ணீர் மொள்ளப் போய்த்தான் போனாள். அந்தச் செடியைக் காயவிட எனக்குக் கை வராது. நீங்கள் ஆண்பிள்ளை, பஸ் ஏறிவிட்டீர்கள். செடியால் ஏற முடியுமா?

வெண்டை காய்க்க ஆரம்பித்துவிட்டது. நுனியைக் கிள்ளினால் பட்டென்று ஒடிகிற பிஞ்சாகப் பார்த்து ஒரு முறம் பறித்தேன். பாதியை மோர்க்குழம்பு வைத்தேன். மீதியைப் பெரிய மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கமலாத்தாள் அக்காவிடம் கொடுத்தேன். சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் தயிர் வாங்கப் போனபோது அவ்வளவு வெண்டைக்காயும் மாட்டுத் தொட்டியில் மிதந்தது. கிணற்றை முழுக்க இறைத்து, பூசாரியைக் கூப்பிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் பிள்ளை விழுந்த தண்ணீரில் விளைந்த காயை ஊரில் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் போலிருக்கிறது. முகத்துக்கு நேரே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். வாங்கி மாட்டுக்குப் போடுவார்கள். அக்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாடு நன்றாகத்தான் தின்றது.

இந்தக் காயைத் தின்ன இந்த ஊரில் இரண்டே பேர்தான். ஓர் ஆள் மலையில் இருக்கிறார். எப்போது வருகிறீர்கள் என்று எழுதவும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
9-4-1973

மயிலாத்தாளுக்கு.

சுகம். உன் சுகத்தைக் கடிதத்தில் கண்டு ஆறுதல். காதுக்குக் கம்பளித் துணி வாங்கிக்கொண்டேன்.

இங்கே மழை இன்னும் தொடங்கவில்லை. நாற்றங்காலுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் திருப்பிவிடுகிறார்கள். ஏலச்செடி பார்ப்பதற்கு நம் மஞ்சள் செடி மாதிரிதான் இருக்கும், ஆனால் ஆளைவிட உயரம். பூ வருவது அடியில், மண்ணை ஒட்டி. குனிந்து பார்த்தால்தான் தெரியும். சித்திரைக்குள் களை முடிக்க வேண்டும் என்று துரை சொல்கிறார், அதனால் இப்போது லீவு கேட்க முடியாது. வருஷப் பிறப்புக்கு வருவேன் என்று பார்த்திருக்க வேண்டாம்.

அண்ணி செய்ததை மனசில் வைக்காதே. ஊர் உலகத்தில் இருப்பதுதான்.

பந்தலில் கொடி முழுக்க ஏறிவிட்டதா? மேலே நன்றாக மூடிவிட்டதா என்று எழுது. வெயிலுக்கு மூடியிருந்தால்தான் பிஞ்சு கருகாது.

அண்ணன் கிணற்றைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

நஞ்சப்பன்


எலப்புள்ளி
17-4-1973

மாமாவுக்கு வணக்கம்.

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

வருஷப் பிறப்பு வந்து போயிற்று. சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் கனி வைக்கக் கூடாது. போன வருஷம் இதே நாளில் கனித் தட்டுக்கு வைக்க நம் வெள்ளரியையும் புடலையையும் கேட்டு நாலு வீட்டார் வந்து நின்றார்கள். பாவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டே வந்து தட்டில் இடித்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். நீங்கள் சிரித்தீர்கள், நான் திட்டினேன். இந்த வருஷம் யாரும் வரவில்லை. நான் எழுந்ததும் கண்ணை மூடாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனேன்.

பந்தலைக் கேட்டிருந்தீர்கள். நன்றாக மூடிவிட்டது. புடலை, பீர்க்கு, பாகல் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு குச்சி வெளியே தெரியவில்லை. உங்களுக்கு எந்தக் கவலையும் வேண்டாம். புடலங்காய் வளைந்து போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நுனியில் கல் கட்டிவிட்டிருக்கிறேன். இரண்டு முழ நீளம் தொங்குகிறது. பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் வைத்தேன். பீர்க்கங்காயைக் கடைந்தேன், அதன் தோலை வதக்கித் துவையல் அரைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் சமைப்பது? சமைத்ததை மூன்று வேளையும் நானே சாப்பிடுகிறேன். மிஞ்சியதை உரக்குழியில் கொட்டும்போது வயிறு எரிகிறது.

பாகற்காயையும் வெண்டைக்காயையும் வற்றல் போட்டேன். லாரி ஓட்டுகிற வீரபாண்டி மூணாறு வருகிறார், அவரிடம் ஒரு துணிப்பை நிறையக் கொடுத்துவிட்டிருக்கிறேன். அந்த அம்மாளிடம் கொடுத்து எண்ணெயில் பொரித்துத் தரச் சொல்லுங்கள். இந்தப் பதினோரு செடியில் காய்த்தது ஒன்றாவது உங்கள் வாய்க்குப் போக வேண்டும்.

பெரிய மாமா கிணற்றை மூட மண் அடிக்கலாமா என்று கேட்டார். தோட்டம் ஓய்கிற வரைக்கும் பொறுங்கள் என்று சொன்னேன்.

எப்போது வருகிறீர்கள்?

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
6-5-1973

மயிலாத்தாளுக்கு.

நலம். நெஞ்சும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

வீரபாண்டி பையைக் கொண்டுவந்து சேர்த்தார். செபமாலையம்மாளிடம் கொடுத்துப் பொரித்துச் சாப்பிட்டேன். மொறுமொறுப்பாக இருந்தது. உப்பும் சரியாக இருந்தது. உன் கைப்பக்குவம் இங்கே யாருக்கும் வராது. கூட இருக்கிறவர்களும் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

இனி அனுப்பிச் சிரமப்பட வேண்டாம்.

வெயில் கடுமையாக இருக்கும். மத்தியானத்தில் தோட்டத்தில் நிற்காதே. கிணற்றை மூடுவதைத் தள்ளிப்போடாதே. நீ அந்தப் பக்கம் நடக்கிறாய் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நஞ்சப்பன்


எலப்புள்ளி
14-5-1973

மாமாவுக்கு.

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

வற்றலில் உப்பு இல்லை. அறுத்து, மோரில் ஊறப் போடும்போது உப்புப் போட மறந்துவிட்டேன். வீரபாண்டி பையை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உப்புச் சாடி வைத்தது வைத்தபடி இருப்பதைப் பார்த்தேன். மண்ணைத் தின்கிற மாதிரி இருந்திருக்கும். உப்பே இல்லையே என்று நீங்கள் திட்டி எழுதுவீர்கள், அதைப் படித்து ஒரு நாளாவது சிரிக்கலாம் என்று இருந்தேன். நீங்கள் உப்பு சரியாக இருந்தது என்று எழுதிவிட்டீர்கள்.

தின்னவில்லை என்றால் தின்னவில்லை என்று எழுதலாமே. ஊரார் மாட்டுக்குப் போட்டார்கள், நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? அவர்களுக்காவது அது யாரோ பெற்ற பிள்ளை.

எழுதும்போதே அழுகை வருகிறது, எழுத்து கலங்கினால் மன்னிக்கவும்.

இங்கே வெயிலில் கத்திரி வாடிவிட்டது. தட்டைப்பயறு மட்டும் சளைக்காமல் காய்க்கிறது. கடைசிக் கத்திரிக்காயையும் தட்டைப்பயற்றையும் போட்டு நீங்கள் விரும்புகிற அந்தக் குழம்பை வைத்தேன். வைத்துவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன், பழக்கதோஷம். ஒன்றைக் கழுவாமலே திருப்பி வைத்தேன். பந்தலில் கொடி அடியிலிருந்து பழுக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் காய்க்கும்.

நான் உங்களைத் திரும்ப வந்து குடும்பம் நடத்துங்கள் என்று இப்போது கேட்கவில்லை. ஒரு நாள் வாருங்கள். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பிறகு போவதானால் போங்கள்.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
29-5-1973

மயிலாத்தாளுக்கு.

நலம். உன் நலத்துக்கு எழுதவும்.

வற்றல் விஷயத்தில் நீ சொன்னது சரிதான். மன்னித்துக்கொள். தின்ன முடியவில்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

இப்போது எழுதுவது வேறு விஷயம். கொடி பழுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பந்தலை நீ பிரிக்காதே. ஏணி வைத்து ஏறி விழுந்து வைப்பாய். அண்ணனுக்கு நேற்றுத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். காய் ஓய்ந்ததும் கொடியும் பந்தலுமாக நின்ற இடத்திலேயே கொளுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். பூச்சி விழுந்த கொடியை அப்படித்தான் செய்வார்கள். நீ அதில் கை வைக்க வேண்டாம். அந்தப் பக்கமே போகாதே.

நஞ்சப்பன்


எலப்புள்ளி
8-6-1973

மாமாவுக்கு.

நலம். நீங்கள் நலமா?

போன வெள்ளிக்கிழமை காலையில் பெரிய மாமா பொங்கியண்ணன், கையில் தீப்பெட்டியும் ஒரு கட்டு வைக்கோலுமாக வந்தார். நான் கடைசிப் பீர்க்கங்காயைப் பறித்துக்கொண்டிருந்தேன். தள்ளி நிற்கச் சொன்னார். நான் பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“என்ன அம்முணி, தம்பி எழுதியிருக்கறான். கொளுத்திப்போட்டு, அப்பறம் கெணத்தையும் தூத்துப்புடலாம்” என்றார்.

“கொளுத்தோணும்னா அவரே வந்து கொளுத்தட்டுமுங்க. அவரு வர்ற வரைக்கும் இதுல ஒரு குச்சியைத் தொட உட மாட்டனுங்க” என்றேன்.

நான் அப்படிப் பேசிப் பெரிய மாமா பார்த்ததில்லை. பாவம், வைக்கோலை மாட்டுக்குப் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களை ஒன்று கேட்கிறேன். கொடியில் பூச்சி இல்லை என்று தினமும் பார்க்கிற எனக்குத் தெரியும். நூறு கல்லுக்கு அப்பால் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரிந்தது, பூச்சி என்று? நல்ல பந்தலை எதற்காகக் கொளுத்த வேண்டும்?

பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
22-6-1973

மயிலாத்தாளுக்கு.

நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பத்து நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. அட்டைக்குப் பயந்து எல்லோரும் காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு நடக்கிறோம்.

அடுத்த மாதம் ஏலக்காய் எடுப்பு தொடங்குகிறது. எடுப்பு முடிகிற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகை ஆகும், மார்கழியும் ஆகலாம். அண்ணன் வீட்டிலேயே போய் இருந்துகொள். தனியாக அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

பந்தல் உன் இஷ்டம்.

நஞ்சப்பன்


எலப்புள்ளி
5-7-1973

மாமாவுக்கு மயிலாத்தாள் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கும் ஒன்றும் இருக்கக் கூடாது.

மார்கழி ஆகலாம் என்று எழுதிவிட்டீர்கள். அடுத்து, தை என்பீர்கள். இனி நான் பொறுத்துப் பயனில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

பந்தலில் குறுக்கே கிடந்த மூன்று சட்டமும் கிணற்றடியில் அடித்திருந்த சட்டங்கள்தான் என்று எனக்குத் தெரியும். நேற்றுத் தெரிந்ததல்ல. முதல் புடலங்காயைப் பறிக்கக் கையைத் தூக்கினேன், இலைக்குள் ஒரு ஆணி கையில் கீறியது. விலக்கிப் பார்த்தால் பனஞ்சட்டம். வைரம் பாய்ந்த பனையைக் கரையான் என்ன செய்யும்? காரிய வீட்டில் பெரிய மாமா எல்லோரிடமும் கரையான் கரையான் என்று சொன்னபோது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நீங்களாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது இதில் இருக்கும் என்று நினைப்பேன். அதில் ஏலச்செடியின் உயரம் இருக்கும். நான் நல்லவள் என்று நினைக்க வேண்டாம். பந்தல் மூடிவிட்டது, குச்சி வெளியே தெரியவில்லை, கொடி பழுக்கிறது என்று எழுதினேனே, அத்தனையும் உங்களுக்கு உறுத்தட்டும் என்று தெரிந்தே எழுதினது. பிள்ளையைக் கொன்றுவிட்டு மலையில் போய் ஒளிந்துகொண்டவர் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை உங்களை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். திட்டிக்கொண்டே அந்தப் பந்தல் காயைத் தின்றேன்.

ஆனால் இதையும் எழுத வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை, கொடி தரையில் ஓடிப் பாழாகிறது, பந்தல் போடுங்கள் என்று உங்கள் உயிரை எடுத்தது நான். சந்தை கூடினதும் மூங்கில் வாங்கி வருகிறேன் என்றீர்கள். இன்றைக்கே வேண்டும் என்று நின்றேன். சாயந்திரம் பந்தல் நின்றது. சந்தைக்குப் போகாமல் மரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. புடலைக் கொடியை மேலே தூக்கிவிடுகிற சந்தோஷம் எனக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே திருப்பி அடிக்க வைத்திருப்பேன். மறுநாள் மத்தியானம் அவள் செம்பை எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் திரும்பி வந்திருப்பாள்.

நேற்றுப் பந்தலைப் பிரித்துவிட்டேன். கொடியை உரக்குழியில் போட்டேன். சட்டங்களை நானே இழுத்துக்கொண்டு போய், பழைய இடத்திலேயே அடித்துவிட்டேன். இனி யாருக்கு என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

உங்கள் மேல் இருக்கிற கோபம் எப்போது தீரும் என்றும் தெரியாது. தீராமலே போகலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இங்கே தனியாக உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை.

மயிலாத்தாள்


சாந்தன்பாறை
3-7-1973

அன்புள்ள மயிலாத்தாளுக்கு.

நலம் விசாரித்து எழுதத் தகுதி இல்லாதவன். ஆனாலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது. நீ கேட்பதற்கு முன்னால் நானாகவே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கரையான் அரிக்கவில்லை. கிணற்றடிச் சட்டத்தைப் பிடுங்கினது நான். நீ வெளியே பார்க்கிற அந்தப் பந்தலில் இருப்பது அதுதான். மூங்கில் வருகிற வரைக்கும் இது இருக்கட்டும், காலையில் வேறு கட்டையை அங்கே அடித்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் வாய்க்கால் உடைந்தது என்று ஆள் வந்து கூப்பிட்டான். கிணற்றடியைத் தாண்டித்தான் போனேன். திறப்பைப் பார்த்தேன். வந்து அடித்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று போனேன். என்னைக் கூப்பிட ஆள் ஓடி வந்தபோதே, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன்தான் முதலில் கரையான் என்றார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அந்தப் பந்தலில் காய்த்ததை நீ பறித்துச் சமைத்தேன் என்று எழுதும்போதெல்லாம், கொடி இன்னும் அடர்த்தியாகப் படரட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவன் நான்.

உன் வற்றலைச் செபமாலையம்மாளிடம் கொடுத்து எல்லோருக்கும் போடச் சொல்லிவிட்டு, நான் வெறும் கஞ்சி குடித்தேன். அவர் என்னைப் பார்த்து, “ஊர்ல யாருக்குப் பயந்து இங்க வந்து கெடக்கீரு வே?” என்று கேட்டார். பெண்டாட்டிக்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தல் கேட்டது உன் தப்பு இல்லை, மயிலாத்தா. அப்படி ஒருநாளும் நினைக்காதே. கேட்டது நீ, பிடுங்கின கை என்னுடையது. மரம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டிருந்தாலும் அன்றைக்கு ஏதாவது பொய்தான் சொல்லியிருப்பேன்.

நீ வா என்றால் வருகிறேன். வராதே என்றாலும் அது நியாயம்தான்.

நஞ்சப்பன்


எலப்புள்ளி
17-7-1973

மாமாவுக்கு மயிலாத்தாள் வணக்கத்துடன்.

இங்கே சுகம். ஆடி பிறந்துவிட்டது. காற்று தூக்கிக்கொண்டு போகிறது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான்கு முறை படித்தேன். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தேன். கடிதத்தில் மூன்றாம் தேதி போட்டிருக்கிறீர்கள். தபால் முத்திரையில் பதினொன்று என்று இருக்கிறது. ஐந்தாம் தேதி நான் போட்டது ஒன்பதாம் தேதியாவது உங்கள் கையில் கிடைத்திருக்கும். பந்தல் கேட்டது உன் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், மரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்காததையும் எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் நான் அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாகச் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான், ஆனால் தேதியைக் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

உறையை எடுத்துக்கொண்டு போய்த் தபால்காரரிடம் கேட்டேன். மழைக்காலத்தில் மலை ரோடு மண் சரிந்து, தபால் பை ஆபீசிலேயே ஒரு வாரம் கிடக்கும் என்று தபால்காரர் சொன்னார். கிடந்திருக்கலாம். ஒன்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவருக்கு, நான் என்ன நினைத்து உருகுவேன் என்று நான் எழுதாமலே தோன்றியிருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்று நான் வைத்துக்கொண்டேன். எனக்கு நீங்களாகச் சொன்னதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். கடிதம் மட்டும் பெட்டியில் இருக்கிறது.

எடுப்பு முடியட்டும் என்று பார்க்காமல் புறப்பட்டு வாருங்கள். வந்த பிறகு எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று சொல்லாதீர்கள். நான் அழுதாலும், ஏதாவது ஒரு நாள் கோபத்தில் கேட்டாலும் சொல்லாதீர்கள். மூன்றாம் தேதிதான் எழுதினேன் என்பது உண்மையாகவே இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

கிணற்றடி வழியாக வராமல் தெருவழியாக வாருங்கள். சோறு போடுவேன். உங்களோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

மயிலாத்தாள்